பரணிலிருந்து இறங்கும் இளைப்பு

புரட்டாசியில் கொலு பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும் வாரத்தில் தொடங்கி, தை பிறந்து பொங்கல் பானை கழுவிக் கவிழ்க்கப்படும் வரையில், என் சிகிச்சை அறைக்கு வருபவர்கள் சொல்லும் காரணம் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கிறது. மற்ற மாதங்களில் "தண்ணீர் மாறிவிட்டது", "பனியில் போனேன்" என்று தொடங்கும் பேச்சு, இந்த நான்கு மாதங்களில் "வீட்டை ஒழித்தேன், டாக்டர்" என்று தொடங்குகிறது. நவராத்திரி, ஆயுத பூஜை, தீபாவளி, திருக்கார்த்திகை, போகி என அடுத்தடுத்து வரும் நாட்களுக்காக வீட்டைத் தலைகீழாகப் புரட்டும் வழக்கம் நல்ல வழக்கம்தான். நுரையீரல் மருத்துவனாகிய நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் ஓர் ஆண்டின் அழுக்கை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், சாத்திய அறைக்குள், கையில் கிடைத்த புட்டிகளையெல்லாம் கலந்து ஊற்றித் தீர்த்துவிட வேண்டும் என்கிற அவசரம்தான் பலரை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

முதலில் பரண். அங்கே ஓராண்டாகக் கிடக்கும் பழைய மெத்தை, தலையணை, கம்பளி, துணிமூட்டை ஆகியவற்றில் படிந்திருப்பது வெறும் மண்தூசு அன்று. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத, கண்ணுக்குப் புலப்படாத தூசு உண்ணிகள் அவற்றில் வாழ்கின்றன. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே அவற்றின் உணவு. அவை நீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கின்றன என்பதால், கடலோர ஊர்களின் புழுக்கமும் ஐப்பசி அடைமழையும் அவற்றுக்கு உகந்தவை. ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அவற்றின் கழிவு. அத்துடன் கரப்பான் எச்சம், எலிப்புழுக்கை, பூஞ்சை வித்துகள் எல்லாம் சேர்ந்த கலவையைத்தான், ஸ்டூலின் மேல் ஏறி நின்று, முகத்துக்கு நேராக, காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம்.

மூக்கில் கட்டிய முந்தானையோ ஈரத்துண்டோ பெரிய தூசைத் தடுக்குமே தவிர, மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை இறங்கக்கூடிய நுண்துகள்களைத் தடுக்காது. கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 முகக்கவசம் அலமாரியில் இருந்தால் அதை எடுத்து, மூக்கின் இருபுறமும் இடைவெளி இல்லாமல் அழுத்தி அணியுங்கள். அதைவிட முக்கியமானது, தூசைக் காற்றில் எழவிடாமல் பிடிப்பது. பொம்மைப் பெட்டியைப் பரணில் வைத்தே திறக்காமல், மூடியபடியே இறக்கி, மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோய்த் திறந்து, சுற்றியிருக்கும் பழைய செய்தித்தாள்மீது சிறிது நீர் தெளித்த பிறகு பிரித்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். மின்விசிறி இறக்கைகளுக்குப் பழைய தலையணை உறையை மாட்டி, இறுக்கிப் பிடித்து உருவி எடுத்தால், தூசு தலையில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும். ஒட்டடையிலும் மின்விசிறியிலும் தொடங்கித் தரையில் முடிக்க வேண்டும். பெருக்குவதற்கு முன் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துவைக்கக்கூடிய படுக்கை விரிப்புகளை ஏறத்தாழ 60 டிகிரி சூடுள்ள நீரில் அலசினால் உண்ணிகள் மடியும்.

பால்கனியில் புறா எச்சம் குவிந்திருந்தால் அதைக் காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. நன்றாக நனைத்து, ஊறவிட்டு, வழித்தெடுக்க வேண்டும். அந்த எச்சத்தூளையும் இறகுத்தூளையும் நெடுநாள் சுவாசிப்பதால் நுரையீரல் திசுவே அழன்று தடித்துப் போகிற நோய் ஒன்று இருக்கிறது. அது ஆஸ்துமாவைப்போல இன்ஹேலரில் அடங்கிவிடுவது அன்று. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் வீட்டை ஒழிக்கும் வேலையைச் செய்யாமலிருப்பதுடன், அது நடக்கும் அறையிலும் சில மணி நேரம் இல்லாமலிருப்பது நல்லது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தினசரி இன்ஹேலரைப் புரட்டாசியில் நிறுத்திவிட்டு, ஐப்பசியில் நெபுலைசருக்கு வந்து நிற்பவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இனி, என்னை மிகவும் அஞ்ச வைக்கும் இடத்துக்கு, குளியலறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய ஒரு மாலையில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் மூச்சுத் திணறலோடு அழைத்துவரப்பட்டார். தரையில் ப்ளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தும் உப்புக்கறை போகாததால், அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். வாடை கூடத்துக்குப் பரவக் கூடாது என்று கதவையும் சாத்தச் சொல்லியிருக்கிறார்கள். "கண்ணு எரிஞ்சுது, நெஞ்சைப் பிடிச்சுது, ஆனா வேலை முடியலையேன்னு தேய்ச்சுக்கிட்டே இருந்தேங்க" என்றார் அவர். இரண்டு நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டது.

ப்ளீச்சிங் பவுடரிலும் திரவ ப்ளீச்சிலும் இருக்கும் ஹைப்போகுளோரைட் உப்பு, அமிலத்தோடு சேர்ந்த கணமே குளோரின் வாயு வெளிப்படுகிறது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்ட அதே வாயுதான் இது. அளவு குறைவு என்பது மட்டுமே வேறுபாடு. கழிப்பறைக் கோப்பையைக் கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதால், "நான் ஆசிட் ஊற்றவில்லையே, கிளீனர்தான் ஊற்றினேன்" என்பது இங்கே செல்லாது. வினிகரும் அமிலம்தான். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களோடு ப்ளீச் சேர்ந்தால், குளோரின் அன்றி, அதே போல் மூச்சுக்குழாயை அரிக்கும் குளோரமைன் உண்டாகிறது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது; ஆகவே அது தரையை ஒட்டியே தேங்கும். குந்தி உட்கார்ந்து தரையைத் தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அதே உயரத்தில்தான்.

அப்படி நேர்ந்துவிட்டால், கலவையை நீர் ஊற்றிக் கழுவிவிட நிற்காமல் உடனே வெளியேறித் திறந்த காற்றுக்கு வர வேண்டும். கண் எரிந்தால் குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். நனைந்த உடையை மாற்ற வேண்டும். எரிச்சல் அடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவது ஆபத்தானது. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும், ஒரு நாள் வரையிலும்கூடத் தாமதமாகத் தொடங்கக்கூடும். ஒரு நேரத்தில் ஒரு பொருள், அதுவும் நீரில் மட்டும் கலந்து, கதவையும் வென்டிலேட்டரையும் திறந்து வைத்து என்பதை வீட்டில் வேலை செய்பவருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தப் புட்டிகளை வாங்கி வைத்தவருடையது. மீதமான ஆசிட்டைப் பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் மட்டுமல்ல, இரவில் விளக்குப் போடாமல் தாகத்துக்கு எழுந்த பெரியவர்களும் அதைக் குடித்திருக்கிறார்கள். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; உணவுக்குழாய் இரண்டாம் முறையும் வெந்துபோகும். பித்தளை விளக்குக்குப் புளி போதும் என்று பாட்டிமார் நிறுத்திக்கொண்டதில் விவேகம் இருந்தது.

அடுத்தது வண்ணப்பூச்சு. தீபாவளிக்கு வர்ணம் அடிப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற நாட்டில், ஈரம் குடித்த சுவரின் மேல் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, கொப்புளித்து, உரிந்து, பூஞ்சையும் பிடிக்கிறது. மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கிய மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு அடித்த பழைய வழக்கம் நுரையீரலுக்கும் நல்லதாக இருந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. (சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் மட்டும் ஒரு கணமும் தாமதியாமல் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பின் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.) சுவரில் கரும்புள்ளிகள் தெரிந்தால், அவற்றின் மேல் வண்ணம் பூசுவதற்கு முன் நீர் எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள்.

பழைய கதவு, ஜன்னல், கிரில் ஆகியவற்றின் எனாமல் பூச்சை உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்ப்பது இன்னொரு கவலை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூளை உள்வாங்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளையும் சிறுவர்களையும் அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தின்னர் வாடை அடங்காத அறையில் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திப் படுப்பவர்கள் மறுநாள் தலைவலியோடும் இருமலோடும் எழுவதில் வியப்பில்லை.

சுத்தம் முடிந்ததும் வீடு மணக்க வேண்டும் என்று விரும்புகிறோம். மணம் என்பது சுத்தத்தின் அடையாளம் அன்று. சாம்பிராணியானாலும் ஊதுபத்தியானாலும் கற்பூரமானாலும், புகை புகையே. வழிபாட்டை விடச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து, சற்று நேரம் காட்டி, அணைத்துவிடுங்கள் என்கிறேன். குளித்த குழந்தையின் ஈரத்தலைக்குச் சாம்பிராணி காட்டுவதை மட்டும், இளைப்பு வரும் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறேன்.

பீரோவிலிருந்து எடுக்கும் பட்டுத்துணிகளில் அந்துருண்டையின் நெடி இருந்தால், அவற்றை வெயில்படாத காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுக்க உலர்த்திய பிறகே உடுத்த வேண்டும். கைக்குழந்தைக்கு அந்துருண்டை போட்டு வைத்த துணி கூடவே கூடாது. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ள சிசுக்களுக்கு நாப்தலின் ஆவியே இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை வரவழைக்கக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்கு அதுவரை தெரிந்திருக்காது.

பரணிலிருந்து இறக்கிய தேவையற்ற வாளிகளையும் டயர்களையும் மாடியில் போட்டு வைப்பது டெங்குக் கொசுவுக்கு இடம் கொடுப்பதாகும். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றிக் காய்ந்தாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் தாங்கும். ஆகவே நீரைக் கொட்டினால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். போகியன்று அவற்றை எரித்துவிடலாம் என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை உங்கள் தெருவில்தான் தங்கும். பழைய பொருள் வாங்குபவர் அவற்றை எடைக்கு எடுத்துக்கொள்வார்.

மூச்சுத் திணறல் ஓய்வில் இருக்கும்போதும் தொடர்ந்தால், ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி முடிக்க முடியாமல் போனால், உதடு நீலம் பாரித்தால், பண்டிகை நாளாயிற்றே என்று தயங்காமல் 108-ஐ அழையுங்கள். வரும்போது நீங்கள் ஊற்றிய புட்டிகளை, அல்லது அவற்றின் மேலுறையைக் கைபேசியில் எடுத்த படத்தை, கொண்டுவாருங்கள். "ஏதோ பாத்ரூம் கழுவுகிற மருந்து" என்று மட்டும் சொன்னால், எதைச் சுவாசித்தீர்கள் என்று ஊகித்துக்கொண்டேதான் நாங்கள் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.