பொடி மிஸ்ற்றுக்கும் (body mist) பெர்ஃபியூமுக்கும் தமிழ் என்ன?

போத்தலில் வரும் வாசமெல்லாம் திருகோணமலையில் ‘சென்ற்’தான். மத்திய வீதியில் மலிவாக வாங்கிய மல்லிகைவாசப் பொடி மிஸ்ற்றும் சென்ற். கனடா மாமி கொண்டுவந்து தந்து, அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் பெர்ஃபியூமும் சென்ற். சாமான் இரண்டும் வேறு வேறு.

பெர்ஃபியூம் என்ற சொல் ‘புகை வழியாக’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மணப்பொருளை எரித்த புகையே ஆதி வாசனை. அகிற்புகையில் கூந்தல் உலர்த்திய மரபுக்கு இது புதினமில்லை. ஏழாம் நூற்றாண்டில் கோணேசரைப் பாடிய சம்பந்தர், ‘கரைகெழு சந்தும் காரகிற் பிளவும்’ எங்கள் கடல் வாரி வருவதாகவே பாடினார். சந்தனமும் கரிய அகில் துண்டுகளும்!

இத்தகைய மணப்பொருளுக்குப் பழந்தமிழ்ப் பெயர் விரை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் கூந்தலை நீராட்டியது ‘பத்துத் துவரினும் ஐந்து விரையினும்’ இன்னும் பலவற்றிலும் ஊறிய நன்னீர். அகிலும் சந்தனமும் அந்த ஐந்தில் அடக்கம். இன்று தனியே ‘விரை’ என்றால் விதை என்பார்கள். வேறு அர்த்தம் எடுத்துச் சிரிப்பவர்களும் உண்டு. பெர்ஃபியூமை ‘நறுவிரை’ என்றால் வில்லங்கமில்லை. ‘வாசனைத் திரவியம்’ பிழையல்ல, நீளம்தான் கூட.

நறுவிரையில் மண எண்ணெய் பொதுவாக 15 முதல் 20 வீதம். மிஸ்ற்றில் 1 முதல் 3 வீதம். மிச்சம் அற்ககோலும் தண்ணீரும். காய்ச்சலுக்கு நெற்றியில் போடும் ஓடிக்கொலோனுக்குத்தான் மிஸ்ற் கிட்டிய சொந்தம். விலை ஏறுவதற்குச் செறிவு ஒரு காரணம். ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு 3000 கிலோ பூவாவது வேண்டும் என்பது இன்னொன்று. அதற்காக விலை கூடியதெல்லாம் பூவிலிருந்தே வருகிறது என்று நம்பிவிட வேண்டாம்: 1921இல் எர்னஸ்ட் போ என்பவர் ஆக்கிய ஷனெல் நம்பர் 5 என்ற பெயர்போன நறுவிரையில் மல்லிகையோடு அல்டிகைட்டு என்ற செயற்கை மணச்சேர்வைகளும் தாராளம்.

பூசிய முதல் சில நிமிடங்களில் இரண்டும் ஒன்றுபோலவே மணக்கலாம். இலேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும். சந்தனம், கஸ்தூரி போன்ற பாரமான வாசங்கள் தோலில் தங்கும். மிஸ்ற்றில் அந்த அடிவாசம் குறைவு. எங்கள் வெயிலுக்கு அது மத்தியானம்வரை நின்றாலே பெரிய காரியம். ஆனால் அதே வெயிலில், சனம் நெருக்கிய பஸ்ஸுக்குள், கனத்த நறுவிரை பக்கத்தில் நிற்பவருக்குத் தலையிடி. பகலுக்கு மிஸ்ற்றே போதும் என்பேன்.

அதற்குத் தமிழ்? ‘உடல் மூடுபனி’ என்றால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். மிஸ்ற் என்றால் பனி. பனிநீர்தான் பன்னீர் ஆயிற்று. கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பால் தெளிப்பதும் இதே வேலைதான். வெறுமனே பன்னீர் என்றால் ரோசாத் தண்ணீரை எடுத்து நீட்டுவார்கள். எனவே உடலைக் குறிக்கும் ‘மெய்’யைச் சேர்த்து ‘மெய்ப்பன்னீர்’ என்று எழுதலாம். கடையில் மட்டும், இப்போதைக்கு, மிஸ்ற் என்றே கேளுங்கள்.