ஆதென்டிகேஷனுக்குத் தமிழில் என்ன?

கோலாலம்பூரில் ஷேர்பாயின்ட் (மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வுச் சேவை) தளங்களைப் பராமரிக்கும் நம்மவர்கள், வேலையைத் தானாகச் செய்ய எழுதிய பவர்ஷெல் கட்டளை ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் “ஆதென்டிகேஷன் எரர் லா” என்பார்கள், அதாவது ஆள் யாரென்று உறுதிசெய்யும் இடத்தில் பிழை. அந்த ஆதென்டிகேஷனைத் தமிழில் எழுதும்போது பலரும் ‘அங்கீகாரம்’ என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

சொல்லின் வேர் கிரேக்கத்து ‘ஆதென்டேஸ்’. தன் கையாலேயே ஒன்றைச் செய்பவர், தலைவர் என்று பொருள். கொலைகாரனையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்! இதே சொல் துருக்கிக்குப் போய் ‘எஃபெண்டி’ ஆனது. ஆக, நம் ஊரில் எஃபெண்டி என்று பெயருள்ள மலாய் நண்பர்கள் ஆதென்டிகேஷனுக்குத் தூரத்துச் சொந்தம். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த கிளைக்கு ‘போலியல்ல, உண்மையானதுதான்’ என்ற பொருள் நிலைத்தது.

அங்கீகாரம் வடசொல், ஏற்றுக்கொள்ளுதல் என்று அர்த்தம். அது ஆத்தரைசேஷன், அதாவது இன்னதைச் செய்யலாம் என்று அனுமதிப்பது, என்பதன் பக்கம்தான் சாய்கிறது. வங்கியில் மைகாட் அடையாள அட்டையைக் கொடுத்துக் கட்டைவிரல் வைப்பது ஆதென்டிகேஷன். ஆள் நீங்கள்தான் என்று உறுதியான பிறகும், மாமாவின் கணக்கிலிருந்து பணம் தரமாட்டார்கள். அது ஆத்தரைசேஷன்.

இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பிழையைத் தப்பான இடத்தில் தேடுவோம். ஆங்கிலமும் இதில் யோக்கியமில்லை. இணையத் தளங்கள் திருப்பி அனுப்பும் பிழை எண் 401-இன் பெயர் ‘அன்ஆத்தரைஸ்ட்’. ஆனால் அது சொல்வது ‘நீ யாரென்று தெரியவில்லை’ என்பதை. ‘தெரியும், ஆனாலும் விடமாட்டேன்’ என்பது 403. அதற்குப் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை, பெர்மிஷனைப் பார்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் உள்நுழைவில் ஏஏடிஎஸ்டிஎஸ் 50126 என்ற பிழை எண் வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 50076 என்றால் எம்எஃப்ஏ, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும், கேட்கிறது. ஸ்கிரிப்ட்டில் பாஸ்வேர்டை எழுதி வைக்கும் பழைய வழி இங்கே செல்லாது. கையால் ஓட்டுவதானால் பிரவுசர் வழியாக உள்நுழையலாம். இரவில் தானாக ஓட வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட்டின் அடையாளச் சேவையான என்ட்ராவில் ஸ்கிரிப்ட்டுக்கென ஓர் ஆப் பதிவு செய்து, டிஜிட்டல் சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆப்பின் பாஸ்வேர்டு போன்ற கிளையன்ட் சீக்ரெட்டை மட்டும் கொண்டு வாங்கிய டோக்கனை, அதாவது நுழைவுச்சீட்டை, ஷேர்பாயின்ட் ஏற்காது, 401-தான் வரும். ஷேர்பாயின்ட்டுக்கான கட்டளைத் தொகுப்பான பிஎன்பி பவர்ஷெல்லின், எல்லோரும் பயன்படுத்திய பொது ஆப் 2024 செப்டம்பர் 9 அன்று நீக்கப்பட்டதால், அதை நம்பியிருந்த ஸ்கிரிப்ட்டுகளுக்கும் இப்போது சொந்த ஆப் ஐடி வேண்டும்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ஆதென்டிகேஷனுக்கு ‘அடையாள உறுதிப்பாடு’, ஆத்தரைசேஷனுக்கு ‘அனுமதி’. நீளமாகத் தோன்றினால் ‘அடையாள உறுதி’ போதும். அங்கீகாரத்தைப் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு விட்டுவிடலாம்.