முள் எங்கே ஏறுகிறது? சென்னை வெயிலும் பழைய காரின் எஞ்சினும்

பழைய கார் சூடாகிறது என்று யாராவது சொன்னால், டேஷ்போர்டில் வெப்பநிலையைக் காட்டும் முள் எந்த இடத்தில் ஏறுகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஏறி, தாம்பரம் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறதா? அல்லது நகருக்குள் அமைதியாக இருந்துவிட்டு, செங்கல்பட்டுப் பக்கம் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறுகிறதா? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே கோளாறுதான். ஆனால் முதலாவது பெரும்பாலும் காற்றின் குறை, இரண்டாவது பெரும்பாலும் தண்ணீரின் குறை. இதைப் பிரித்தறியாமல் புது ரேடியேட்டர், புது பம்ப், புது ஃபேன் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள், பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகும் அதே சிக்னலில் அதே ஆவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எவ்வளவு வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் அதிகபட்சமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் மணிக்கு ஒரு லிட்டர் எரிகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, தண்ணீருக்குள் இறங்கும் வெப்பம் சுமார் 3 கிலோவாட். இது முழு வேகத்தில் எரியும் ஒன்றரை இண்டக்‌ஷன் அடுப்புகளின் வெப்பத்துக்குச் சமம். இதைக் காற்றின் வெப்பநிலையை 30 டிகிரி உயர்த்தி வெளியேற்ற வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 90 லிட்டர் காற்று ரேடியேட்டர் வழியாகப் போயாக வேண்டும்.

காற்று மிக மோசமான சுமைதூக்கி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்தைச் சுமக்க, சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். அதனால்தான் தண்ணீர்ப் பக்கம் சில மெல்லிய குழாய்களே போதுமாக இருக்க, காற்றுப் பக்கம் தகடு தகடாக நூற்றுக்கணக்கான இறகுகளை அமைத்துப் பரப்பைப் பெருக்குகிறார்கள். கதிர்வீச்சைக் குறிக்கும் பெயர் ரேடியேட்டருக்கு அமைந்திருந்தாலும், அது வெளியேற்றும் வெப்பத்தில் கதிர்வீச்சின் பங்கு மிகச் சொற்பம். ஏறக்குறைய முழு வேலையையும் ஓடும் காற்றே செய்கிறது. கறுப்பு வண்ணம் பூசினால் குளிரும் என்று நம்பித் தடித்த எனாமல் பெயின்ட் அடிப்பது, இறகுகளுக்குப் போர்வை போர்த்துவதற்கு ஒப்பாகும்.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்தது. சென்னைக்குச் சொந்தமான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில் தயாரானது என்றாலும், அதன் வடிவமும் இங்கிலாந்தில் பிறந்ததே. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தண்ணீர் 90 டிகிரியிலும் காற்று 15 டிகிரியிலும் இருந்தால் வித்தியாசம் 75. நம் கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 50 மட்டுமே. அதாவது அதே ரேடியேட்டர், எந்தப் பழுதும் இல்லாமலே, தன் திறனில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. 2003 மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்த வெப்பம். முன்னால் நிற்கும் பேருந்தின் புகைக்கும் கொதிக்கும் தாருக்கும் நடுவில், கிரில் உறிஞ்சும் காற்று அதைவிடச் சூடாகவே இருக்கும். பிற்காலத்தில் ஏசி பொருத்திய வண்டியாக இருந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் அந்தக் காற்றை மேலும் சூடாக்கித்தான் உள்ளே அனுப்புகிறது.

முதலில் நெரிசலில் ஏறும் முள்ளை எடுத்துக்கொள்வோம். இந்தக் கார்களில் ஃபேன், வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே பெல்ட்டால் சுழல்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்று ஓடும்போது கிடைக்கும் காற்றில் கால் பங்குதான் 800 சுற்றில் கிடைக்கும். வண்டி நிற்பதால் எதிர்க்காற்றும் இல்லை. இருக்கிற அந்தக் காற்றும் வீணாகிறது என்பதுதான் வருத்தமானது. 16 அங்குலச் சதுர ரேடியேட்டரின் பின்னால் 12 அங்குல ஃபேன் வெறுமனே சுழன்றால், அதன் வட்டத்துக்கு நேர் எதிரே இருப்பது மொத்தப் பரப்பில் 44 சதவீதம் மட்டுமே. மூலைகளில் காற்று அசைவதே இல்லை. அது மட்டுமல்லாமல், இறக்கைகளின் நுனியில் பின்னால் தள்ளப்பட்ட சூடான காற்று, ஓரமாக வளைந்து மீண்டும் முன்பக்கமே வந்துவிடுகிறது.

இதற்கான தீர்வு, ஷ்ரவுட் எனப்படும் தகட்டுக் கூடு. ரேடியேட்டரின் முழு அகலத்தையும் மூடி, ஃபேனைச் சுற்றி வட்டத் திறப்போடு முடியும் இந்தக் கூடு, ஃபேன் இழுக்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றையும் இறகுகளின் வழியாகவே வரும்படி கட்டாயப்படுத்துகிறது. இறக்கையின் பாதி அகலம் கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பது நல்ல அமைப்பு. நுனிக்கும் கூட்டுக்கும் இடையிலான இடைவெளியை, எஞ்சின் ஆடும்போது உரசாத அளவுக்கு மட்டும் விட்டுக் குறைக்க வேண்டும். அதோடு, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டிலும் மேலும் கீழும் இருக்கும் சந்துகளை ரப்பர் பட்டையாலோ தகட்டாலோ அடைத்துவிட வேண்டும். காற்று எளிய வழியையே தேடும். சந்து இருந்தால் இறகுகளுக்குள் நுழையாது. நல்ல தகட்டு வேலைக்காரர் ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய இந்த இரண்டு வேலைகளும், என் கணிப்பில், சென்னையில் ஓடும் பழைய காருக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றங்கள்.

எலெக்ட்ரிக் ஃபேன் நல்லதுதான், எஞ்சின் வேகத்தைச் சார்ந்து நிற்காது. ஆனால் பேட்டரிக்கு மின்சாரம் தர பழைய வகை டைனமோ வைத்த காரில் அது ஒரு கண்ணியை விரிக்கிறது. அந்த டைனமோக்கள் அதிகபட்சமாகத் தருவது சுமார் 20 ஆம்பியர். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. 10 ஆம்பியர் கேட்கும் ஃபேன் மிகவும் தேவைப்படுவதோ அந்த ஐட்லிங்கில்தான். ஒரு மணி நேர நெரிசலுக்குப் பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும். ஐட்லிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பொருத்திய பிறகே எலெக்ட்ரிக் ஃபேனைப் பற்றி யோசிப்பது முறை.

இனி, வேகத்தில் ஏறும் முள். அப்போது காற்றுக்குப் பஞ்சமில்லை. வெப்பம் தண்ணீரிலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கிறது, அல்லது எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள்ளேயே வர முடியவில்லை. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் நடக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி, ஒட்டிக்கொள்கிறது. இந்தப் படிவைவிட வார்ப்பிரும்பு 20 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் படிவு, சுவரின் தடிமனை இரண்டு சென்டிமீட்டர் கூட்டியதற்குச் சமம். கசியும் வண்டிக்கு வாரந்தோறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர், வாரந்தோறும் புதிய உப்பை ஊற்றுகிறார். கசிவை அடைத்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். பிளாக்கின் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு தேங்கியிருக்கும். ரேடியேட்டரை மட்டும் காலி செய்தால் அது வெளியேறாது, பிளாக்கில் இருக்கும் வடிகுழாயையும் திறந்து கழுவ வேண்டும். அடைபட்ட ரேடியேட்டரின் மேல் டேங்கை உருக்கி எடுத்து, குழாய்களில் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் பட்டறைகள் இன்றும் நகரில் உண்டு. குழாய்களும் இறகுகளும் சேர்ந்த நடுப்பகுதியான கோரைப் புதிதாகப் போடுவதற்கு முன் அதைச் செய்து பார்க்கலாம். மூன்று வரிசைக் குழாய்களுக்குப் பதில் நான்கு வரிசை போட்டால் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்பதும் சரியல்ல, ஏனென்றால் கடைசி வரிசைக்கு வந்து சேர்வது முன்வரிசைகள் சூடாக்கிவிட்ட காற்று.

எந்தக் குறை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே அறியலாம். வண்டி நன்றாகச் சூடான பிறகு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் அளந்து பாருங்கள். பளபளக்கும் பித்தளை தவறான அளவைக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து, இரண்டுமே கொதிநிலையை நெருங்கினால், தண்ணீர் ஓடுகிறது, காற்று வெப்பத்தை எடுக்கவில்லை. வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், தண்ணீர் ஊர்கிறது: அடைப்போ, அரித்துப்போன பம்ப் இறக்கையோ, எஞ்சின் வேகத்தில் உள்நோக்கிச் சுருங்கும் கீழ் ஹோஸோ காரணம். கோரின் மேல் அங்கங்கே அளந்தால், குளிர்ந்து கிடக்கும் திட்டுகள் அடைபட்ட குழாய்களைக் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளில் பழகிப்போன வைத்தியம். "நம்ம ஊருக்கு அது தேவையில்லை" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் 82 டிகிரியில் உள்ளேயிருக்கும் மெழுகு உருகித் திறக்கத் தொடங்கி, 95 டிகிரிக்குள் முழுதாகத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், அந்தச் சூட்டில் ஓடும் எஞ்சினை மேலும் சூடாக்குவதில்லை. சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி எஞ்சினுக்குள் போய்விடும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, குளிர நேரம் கிடைக்காமல் போகும் என்று சொல்லப்படும் விளக்கமும் தவறு. ஒரு சுற்றில் குறைவாகக் குளிர்ந்தாலும் அதே தண்ணீர் அடிக்கடி திரும்பி வருகிறது. மொத்தக் கணக்கில் வேகமான ஓட்டம் வெப்பத்தைக் கூடுதலாகவே வெளியேற்றும். கழற்றியதன் உண்மையான நஷ்டம் மழைக்கால இரவுகளில் தெரியும்: எஞ்சின் சூடேறாமலே ஓடி, ஆயிலில் ஈரம் தங்கி, சிலிண்டர்கள் தேயும்.

ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தேக்குவதால், தண்ணீரின் கொதிநிலை ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்கிறது. 7 பவுண்டு மூடியில் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது திறந்தால் அந்த அழுத்தம் நொடியில் போய், தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும் என்பதற்கும் இதுவே காரணம். 4 பவுண்டுக்கென்று செய்த ரேடியேட்டருக்கு 13 பவுண்டு மூடி போட்டால் ஈயப் பற்று பிளந்துகொள்ளும். கூலன்ட்டைப் பொறுத்தவரை, உறைதலைத் தடுக்கும் கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த நீர் வெறும் நீரைவிடக் குறைவாகவே வெப்பம் சுமக்கும். ஆனாலும் துருவைத் தடுக்கும் பொருள்களுக்காக அது வேண்டும். உறைபனி இல்லாத நமக்குப் பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை.

எஞ்சின் தேவைக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், பொறியை முன்கூட்டி விடச்செய்யும் வேக்யூம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்து பொறி தாமதமானால், பிஸ்டன் இறங்கிய பிறகும் எரிதல் தொடர்ந்து, வேலையாக வேண்டிய ஆற்றல் சுவர்களில் ஏறும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்திருக்கும் எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருவதால், பழைய அளவில் விட்ட கார்புரேட்டரின் கலவை மெலிந்துபோகிறது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோடு சேரும்போது கலவையின் ஆவியழுத்தத்தையும் கூட்டுகிறது. எஞ்சின் மேலேயே பொருத்திய பெட்ரோல் பம்ப்பில் எரிபொருள் ஆவியாகிவிட்டால், பம்ப் திரவத்தை இழுக்காது; வண்டி இருமி நிற்கும். முள் நடுவில் இருக்கும்போதே நின்றுபோகும் காரை, தண்ணீர்க் கோளாறு என்று நினைத்து ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள். பழைய அம்பாசடர் டாக்ஸி ஓட்டுநர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,300 ஜூல் வெப்பத்தைப் பம்ப்பிலிருந்து எடுத்துச் செல்கிறது. நிரந்தரமாகச் செய்ய வேண்டியது, எக்ஸாஸ்டுக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடும், சூடான இடத்தை விட்டு விலக்கி எடுத்துச்செல்லும் பெட்ரோல் பைப்பும்.