சதவீதத்தைப் பார்த்துப் பயப்படும் முன் ஒரு பெருக்கல்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் லிம்போசைட் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) 50 சதவீதம், பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்'. ரத்தப் புற்றுநோயா என்று கேட்டுக்கொண்டு இந்த வாரமும் ஒருவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லையாம். அவருடைய மொத்த வெள்ளையணு எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், 5,000. அதில் 50 சதவீதம் 2,500. பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இருக்கலாம். சரியாகத்தான் இருக்கிறது!

இதை எத்தனை முறைதான் சொல்வது? சதவீதம் என்பது பங்கு, எண்ணிக்கை அல்ல. ஐந்து வகை வெள்ளையணுக்களும் சேர்ந்தால் எப்போதும் நூறுதான். ஒரு வகை இறங்கினால், கூடுதலாக ஒரு அணுகூட உருவாகாமலே மற்றதன் சதவீதம் ஏறிவிடும். ஈசினோஃபில் என்ற இன்னொரு வகை 8 சதவீதம் என்று பார்த்ததும் தாங்களாகவே அலர்ஜி மாத்திரை, பூச்சி மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் இதைக் கேளுங்கள். மொத்தம் 5,000 என்றால் அது வெறும் 400. 500 வரை இயல்பு.

  

எனக்குக் கவலை தருவது இதற்கு நேரெதிரான ரிப்போர்ட். மொத்தம் 1,600, லிம்போசைட் 66 சதவீதம், தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 28 சதவீதம். எல்லோரும் அந்த 66-ஐப் பார்த்துப் பதறுகிறார்கள். அது 1,056தான், பிரச்சினை இல்லை. நியூட்ரோஃபிலைப் பெருக்குங்கள்: 448. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே போனாலே குறைவு, 500-க்குக் கீழே என்றால் தொற்றை எதிர்க்கும் படையே இல்லாத நிலை.

அப்புறம் சில எச்சரிக்கைகள். சிறு குழந்தைகளுக்கு லிம்போசைட் இயல்பிலேயே அதிகம், அவர்களுக்கு அந்தந்த வயதுக்கான அளவைத்தான் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட்' என்றோ 'முதிராத செல்கள்' என்றோ எழுதியிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, உடனே மருத்துவரிடம் போங்கள். பெருக்கி வந்த எண்ணை வைத்து நீங்களே மருந்தை நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம்.

புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுப்பவர்களின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ரிப்போர்ட்டையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.