திருகாத சட்டம்: ஒரு கோப்ரா நகல் காரின் உள்ளமைப்பு

காலியான தீப்பெட்டியிலிருந்து உள்பெட்டியை மட்டும் வெளியே இழுத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு கைகளால் பிடித்து, எதிரெதிர்த் திசைகளில் மெல்லத் திருகிப் பாருங்கள். அது பெரிய எதிர்ப்பு எதுவுமின்றி முறுக்கிக்கொள்ளும். அதையே மேலுறைக்குள் செருகிவிட்டுத் திருகினால் விரல் நோகுமே தவிர, பெட்டி லேசில் அசைந்து கொடுக்காது. கூடுதலாகச் சேர்ந்தது மெல்லிய அட்டைதான். ஆனால் திறந்திருந்த பக்கம் மூடப்பட்டுவிட்டது. கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒவ்வொன்றும் மேலுறையை இழந்த தீப்பெட்டியைப் போன்றது. புகழ்பெற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் நகல்களை வீட்டுக் கொட்டகையிலேயே கட்டியெழுப்பும் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் தீர்க்க வேண்டிய முதல் சிக்கலும் இதுவே. வெளியுருவம் அச்சு அசலாக அமைந்திருந்தாலும், அதைத் தாங்கும் சட்டம் திருகிக்கொள்ளுமானால் அந்த வண்டி நேராக ஓடாது என்பதால், இக்கட்டுரை வெளியே தெரியும் வளைவுகளைவிட உள்ளே மறைந்திருக்கும் எலும்புக்கூட்டைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

உலகில் மிகுதியாக நகலெடுக்கப்பட்ட கார்களுள் ஒன்று கோப்ரா. இங்கிலாந்தின் ஏ.சி. கார் நிறுவனம் 1953 முதல் ‘ஏஸ்’ என்ற சிறிய திறந்த காரைத் தயாரித்து வந்தது. அதற்கு எஞ்சின் வழங்கிய பிரிஸ்டல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தவிருந்த 1961ஆம் ஆண்டில், அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி, அந்த உடலுக்குள் எட்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்த ஓர் அமெரிக்க வி-8 எஞ்சினைப் பொருத்தலாம் என்று ஏ.சி.க்குக் கடிதம் எழுதினார். ஃபோர்டு நிறுவனம் தந்த 260 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 4.3 லிட்டர் எஞ்சினுடன் முதல் கோப்ரா கார் 1962 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் உருப்பெற்றது, பின்னர் 4.7 லிட்டர், இறுதியில் 7 லிட்டர் என எஞ்சின் பெருத்துக்கொண்டே போனது. 1960களில் உருவானவை மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் கார்கள் மட்டுமே. அந்த முதல் கார் 2016இல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது என்றால், அந்த உருவத்தை நேசிப்பவர்களுக்கு நகலைத் தவிர வேறு வழியில்லை என்பது புரியும். நம் நல்ல பாம்பைக் குறிக்கப் போர்ச்சுக்கீசியர் வழங்கிய சொல்லே ஆங்கிலம் வழியாக இந்தக் காரின் பெயராயிற்று என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அசல் கோப்ராவின் அடிச்சட்டம் ஏணி வடிவானது. நீளவாக்கில் 3 அங்குல விட்டமுள்ள இரண்டு உருண்டை இரும்புக் குழாய்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், முன்னும் பின்னும் குறுக்காகப் பொருத்திய பட்டை ஸ்பிரிங்குகள், அடிப்படையில் அவ்வளவே. ஏணியைத் தரையில் கிடத்தி ஒரு மூலையை மட்டும் தூக்கினால் மற்ற மூலைகள் உடனே எழுவதில்லை, ஏணி முதலில் சற்றுத் திருகிக்கொள்கிறது. இரண்டு குழாய்ச் சட்டத்துக்கும் அதே இயல்பு உண்டு. மெல்லிய சுவருள்ள ஒரு குழாய் முறுக்கத்தை எதிர்க்கும் வலிமை அதன் ஆரத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. 7 லிட்டர் எஞ்சினுக்காகக் குழாயின் விட்டத்தை 4 அங்குலமாக உயர்த்தியபோது, சுவரின் தடிமன் மாறாதிருந்தால்கூட ஒவ்வொரு குழாயின் எதிர்ப்பும் ஏறத்தாழ 2.4 மடங்காகும், எடையோ மூன்றில் ஒரு பங்குதான் கூடும். இரும்பைத் தடிமனாக்குவதைவிட அதை மையத்திலிருந்து விலக்கி வைப்பதே பயன் தரும் என்ற இந்த விதியை, நம்மூர்த் தோட்டங்களில் காற்றைத் தாங்கி நிற்கும் மூங்கிலும் பின்பற்றுகிறது.

இன்றைய நகல் தயாரிப்பாளர்களில் பலர் இந்த விதியை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசெல்கின்றனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995இல் தொடங்கப்பட்ட ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் நிறுவனம், இரண்டு தடித்த குழாய்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பல மெல்லிய குழாய்களை மேலும் கீழும் குறுக்குமாகப் பற்றவைத்த முப்பரிமாணக் கூண்டை விற்கிறது. நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கினால் அது சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம், ஒரு குச்சி நீண்டாலோ குறுகினாலோ ஒழிய உருமாறாது. இரும்புக் குழாயை வளைப்பது எளிது, நீளவாக்கில் இழுத்தோ அமுக்கியோ அதன் நீளத்தை மாற்றுவது மிகக் கடினம். ஆகவே ஒவ்வொரு விசையும் ஏதேனும் ஒரு குழாயின் நீளவாக்கில் செல்லும்படி அமைப்பதே கூண்டுச் சட்டத்தின் முழு இலக்கணமும் ஆகும். கதவுக்கும் இருக்கைக்கும் இடம் விட வேண்டிய நடுப்பகுதியில் முக்கோணங்களை நிறுத்த முடியாது என்பதால், இருக்கைகளுக்கிடையே கியர்பாக்ஸ் படுத்திருக்கும் சுரங்கம் போன்ற பகுதி காரின் முதுகெலும்பாக மாறுகிறது. இந்தப் பகுதியின் பக்கங்களில் ரிவெட் அடித்துப் பொருத்தும் அலுமினியத் தகடுகள் அழகுக்காகவோ அழுக்கைத் தடுக்கவோ மட்டும் அங்கு இல்லை. அவையே தீப்பெட்டியின் மேலுறை. இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் சிறு மின்கலம் போலச் செயல்பட்டு அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே சிலிக்கோன் பசையைப் பூசிய பின்பே ரிவெட் அடிக்கிறார்கள்.

சட்டம் விறைப்பாக இருப்பதில் ஏன் இவ்வளவு அக்கறை என்ற கேள்விக்கு விடை ஸ்பிரிங்கில் இருக்கிறது. திருகிக்கொள்ளும் சட்டமும் ஒரு ஸ்பிரிங்தான், ஆனால் அதன் அதிர்வை அடக்க ஷாக் அப்சார்பர் கிடையாது. வண்டி வளைவில் சாயும்போது முன் சக்கரங்கள் எவ்வளவு சுமையை ஏற்க வேண்டும், பின் சக்கரங்கள் எவ்வளவு ஏற்க வேண்டும் என்பதை முன் பின் ஸ்பிரிங்குகளின் வலிமையை மாற்றிச் சரிசெய்யலாம். இடையில் உள்ள சட்டம் அந்த வேறுபாட்டைத் தானே திருகி விழுங்கிவிடுமானால், எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் ஓட்டுநருக்கு மாற்றம் தெரியாது.

இந்தப் பொழுதுபோக்கின் மற்றொரு தூண், பாகங்களுக்காக வாங்கப்படும் பழைய கார். கோப்ரா நகல்கள் பலவற்றுக்கு ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று பலியாகிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு, பிரேக், ஸ்டீயரிங் தண்டு ஆகியவை அதிலிருந்து வருகின்றன. 1980களின் இறுதியில் வந்த 5 லிட்டர் மஸ்டாங் 225 குதிரைத்திறனைக் கொண்டு ஏறத்தாழ 1,400 கிலோவை இழுத்தது. அதே எஞ்சின் ஏறத்தாழ 1,050 கிலோ நகலில் அமரும்போது, ஒரு குதிரைத்திறன் சுமக்க வேண்டிய எடை 6.2 கிலோவிலிருந்து 4.7 கிலோவாகக் குறைகிறது. எஞ்சினில் கை வைக்காமலேயே கிடைக்கும் இந்த வேகம்தான் பலரையும் ஈர்க்கிறது. ஆனால் எடை குறைந்தால் நன்மை மட்டுமே விளையும் என்று நினைப்பது தவறு. ஸ்பிரிங்கின் மீது அமர்ந்த வண்டி ஒரு நொடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஊசலாடும் என்பது, ஸ்பிரிங்கின் வலிமையை எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மஸ்டாங்கின் ஸ்பிரிங்கை அப்படியே மாட்டினால் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடி, சிறு மேடு பள்ளங்களிலும் சக்கரம் துள்ளத் தொடங்கும்.

பிரேக்கில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் ஆபத்தானது. கோப்ராவின் முன் பின் அச்சுகளுக்கிடையிலான தூரம் 90 அங்குலம், அதாவது 2.29 மீட்டர், அந்த மஸ்டாங்குக்கோ 2.55 மீட்டர். நகலின் எடை இரு அச்சுகளிலும் சரிபாதியாக, 525 கிலோ வீதம் இறங்குகிறது என்றும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையான வேகத் தணிப்புடன் பிரேக் அடித்தால், 1,050 கிலோவை 0.45ஆல் பெருக்கி 2.29ஆல் வகுத்தால் வரும் 206 கிலோ, பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. முன்னே 731 கிலோ, பின்னே 319 கிலோ. பின் சக்கரங்களின் பிடிப்பு இவ்வளவு குறைந்த நிலையில், மற்றொரு வண்டிக்காகக் கணக்கிடப்பட்ட பிரேக் விகிதம் பின் சக்கரங்களை முதலில் இறுக்கிப் பூட்டிவிடுமானால் வண்டி பம்பரமாகச் சுற்றும். இதனால்தான் அக்கறையுள்ள கட்டுநர்கள், மிதியின் விசையைப் பிரேக் திரவத்தின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர்களை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே வைத்து, மிதியின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சரிசெய்யக்கூடிய சிறு தண்டு ஒன்றையும் பொருத்துகிறார்கள். பளபளக்கும் சக்கரங்களுக்கும் தோல் இருக்கைகளுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உடலுக்கு வருவோம். அசல் உடல்கள் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கப்பட்டவை. நகல்களின் உடல்கள் பெரும்பாலும் கண்ணாடியிழை. உடலின் உருவில் செய்த வார்ப்பு அச்சின் உட்புறம் மெழுகு தடவி, வெளித்தோலாக அமையப்போகும் கெட்டியான பிசினை முதலில் பூசி, அதன்மேல் கண்ணாடியிழைப் பாய்களை அடுக்கி, பாலியெஸ்டர் பிசினால் ஊறவைக்கிறார்கள். பிசினில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு அளவுக்குக் கலக்கும் பெராக்சைடு திரவம், பிசினின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று முடிச்சிடும் வினையைத் தொடங்கிவைக்கிறது. அந்த வினை வெப்பத்தை வெளியிடும். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் பிசின் சூடேறி, சுருங்கி, விரிசல் விட்டுவிடும். அச்சிலிருந்து எடுத்த பிறகும் முடிச்சிடுதல் வாரக்கணக்கில் மெதுவாகத் தொடர்கிறது, உடல் நுண்ணிய அளவில் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. உடனே வண்ணம் அடித்தால் சில மாதங்களில் இழைகளின் தடம் மேற்பரப்பில் தெரியும் என்பதால், அனுபவசாலிகள் உடலைச் சட்டத்தில் பொருத்தி வெயிலில் காயவிட்ட பிறகே தேய்த்து வண்ணமடிக்கிறார்கள்.

கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது புதிதாகக் கட்டுபவர்களைத் திகைக்கவைக்கும் விஷயம். தகட்டு உடல் கொண்ட காரில் விளக்குக்கு ஒரு வயர் போதும். மின்னோட்டம் உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுத்துச் சட்டத்தோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்பு தளர்ந்தால், இண்டிகேட்டரைப் போட்டதும் பிரேக் விளக்கு மங்கலாகத் துடிப்பது போன்ற விந்தைகள் நிகழும், ஏனெனில் மின்னோட்டம் வேறு விளக்கின் இழை வழியாகத் திரும்பும் வழியைத் தேடிக்கொள்கிறது.

தன் விருப்பப்படி மாற்றியமைக்கும் சுதந்திரம் எஞ்சினில்தான் பரந்தது; 2015ஆம் ஆண்டு மஸ்டாங்கின் 435 குதிரைத்திறன் தரும் எஞ்சினைக்கூடப் பொருத்துகிறார்கள். எனினும் காற்று அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை வகுக்கிறது. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக உயரும், கோப்ராவின் திறந்த உருவமோ காற்றை மோசமாகக் கிழிப்பது. ஷெல்பியின் குழுவே இதை உணர்ந்து மூடிய கூரையுள்ள டேட்டோனா உடலை உருவாக்கி, அதைக் கொண்டே 1964இல் பிரான்சின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் தன் பிரிவில் வென்றது. பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடும் புகைக்குழாய் இன்னொரு பழைய தொல்லை. இறங்கும்போது அதில் காலைச் சுட்டுக்கொள்வதைக் கோப்ரா உரிமையாளர்கள் ‘பாம்புக்கடி’ என்றே அழைக்கின்றனர்.

சாலைக்கு வரும் முன் அரசின் அனுமதியும் வேண்டும். பிரிட்டனில் இவ்வகைக் கார் ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்படுகிறது. சாலையில் செல்வோரைத் தொடக்கூடிய வெளி விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்கின்றனவா என்பதுவரை அளந்து பார்க்கிறார்கள்.

உடலை மாட்டுவதற்கு முன்பே, வெறும் சட்டத்தில் எஞ்சினும் இருக்கையும் மட்டும் பொருத்தி வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. கசிவுகளையும் பிழைகளையும் கை எட்டும்போதே கண்டுபிடித்துவிடலாம். உடல் ஏறிய பின் நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் நிறுத்தி, ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்த நிலையிலேயே எடை பார்க்கிறார்கள். முன்பாரமும் பின்பாரமும், இடமும் வலமும் பாகங்கள் அமர்ந்திருக்கும் இடத்தால் தீர்மானிக்கப்பட்டுவிட்டவை. ஸ்பிரிங்கின் இருக்கையைத் திருகி உயர்த்துவதாலோ தாழ்த்துவதாலோ மாறுவது மூலைவிட்டப் பங்கீடு மட்டுமே, ஒரு கால் குட்டையான மேசைக்கு அட்டை மடித்து வைப்பதைப் போல. இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் சேர்ந்து மொத்த எடையில் பாதியைச் சுமக்கும்வரை திருகித் திருகிப் பார்த்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதிவைக்கிறார்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே தராசுகளில் வண்டியை மீண்டும் ஏற்றும்போது, ஸ்பிரிங்கும் டயரின் காற்றும் முன்போலவே இருந்து அந்த எண்ணும் மாறாதிருந்தால், உள்ளே இருக்கும் சட்டம் திருகவில்லை என்று பொருள்.