எரிவாயுக் கலனுக்குள் ஆன்டிபயாடிக்

மாட்டுக்குக் கொடுத்த மருந்து மாட்டோடு முடிந்துவிடுவதில்லை. டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளின் பெரும்பகுதி சிதையாமல் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். அந்தச் சாணம், காற்றில்லாமல் அதை நொதிக்கவைத்து அடுப்புக்கு வாயு எடுக்கும் சாண எரிவாயுக் கலனுக்குப் போனால், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகளை மருந்து நேரே கொன்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் அவை பாக்டீரியாக்களே அல்ல. ஆர்க்கியா என்னும் தனிக் குலத்தைச் சேர்ந்தவை; 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பிரித்துக் காட்டிய குலம். பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் கெடுத்துக் கொல்கிறது. அந்த வகைச் சுவரே ஆர்க்கியாவுக்குக் கிடையாது. சிக்கிக்கொள்பவை அதற்குச் சமைத்துப்போடும் பாக்டீரியாக்கள்தாம்.

நாரையும் கொழுப்பையும் ஒரு கூட்டம் உடைத்து அமிலங்களாக்கும். அவற்றில் புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை இன்னொரு கூட்டம் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். இவற்றைத் தின்றுதான் ஆர்க்கியா மீத்தேனை விடுகிறது. நடுவில் நிற்கும் கூட்டம் மிக மெதுவாகப் பெருகும். ஹைட்ரஜன் சற்றுத் தேங்கினாலே அதன் வேலை நின்றுவிடும். மருந்து பட்டதும் பெரும்பாலும் தடுமாறுவது இதுதான்.

அப்போது புரோப்பியோனிக் அமிலம் தேங்கும். வாயுவில் கரியமில வாயுவின் பங்கு கூடி, அடுப்பில் சுடர் நிலைக்காமல் துள்ளி அணையும். கரைசலில் புளித்த வாடை வீசும். வேடிக்கை என்னவென்றால், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவி மட்டும் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) இன்னும் 7க்கு மேலேயே காட்டிக்கொண்டிருக்கும். சாணத்திலுள்ள அம்மோனியாவும் பைகார்பனேட்டும் அமிலத்தை விழுங்கி மறைத்துவிடுகின்றன. அவை தீர்ந்ததும் பிஎச் சரசரவென இறங்கும். 6.5க்குக் கீழே போனால், மருந்து தொடாத ஆர்க்கியாவும் முடங்கிவிடும். அமிலத்தை நேரடியாக அளந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

மருந்துக்கு மருந்து குணம் மாறும். டெட்ராசைக்ளின் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து திடப்பொருளில் ஒட்டிக்கொள்வதால், சாணக் குழம்பில் அதன் வீரியம் குறைகிறது. பென்சிலின் எளிதில் உடையும். சல்ஃபா வகை மருந்தான சல்ஃபாமெத்தசினோ பெரிதும் சிதையாமல் கலனைக் கடந்துவிடும். மோனென்சின் தீவனத்தில் சேர்க்கப்படுவது. மாட்டின் இரைப்பையில் மீத்தேனைக் குறைக்கிறது. கலனிலும் அதே வேலையைச் செய்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

மருந்து சிறிய அளவில் தொடர்ந்து வந்தால், சில வாரங்களில் நுண்ணுயிர்க் கூட்டம் பழகிக்கொண்டு வாயு பழைய அளவுக்குத் திரும்புவதுண்டு. அதோடு கவலை விட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். மருந்தைத் தாங்கும் மரபணு உள்ளவை மட்டும் தப்பிப் பெருகியிருக்கலாம். 55 டிகிரி செல்சியஸில் இயங்கும் கலனில் இம்மரபணுக்கள், 37 டிகிரியில் குறைவதைவிடப் பொதுவாக அதிகம் குறைகின்றன. ஆனாலும் சல்ஃபா மருந்துகளைத் தாங்கும் சில மரபணுக்கள் அந்தச் சூட்டிலும் மிஞ்சி, கழிவுக் குழம்போடு வயலுக்குப் போய்ச் சேர்கின்றன.