டேப்லெட்: எழுத்துப்பலகை முதல் இணையப் பலகை வரை

அலமாரி அடிக்க வந்திருந்த ஆசாரி, சுவரோரம் குந்தியபடியே "தம்பி, அந்த டேப்ப எடுங்க" என்று கை நீட்டினார். பக்கத்தில் நின்ற என் அக்கா மகன் உள்ளே ஓடிப்போய்த் தன்னுடைய டேப்லெட்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தன அடி வரைக்கும் அளக்கலாம்?" என்று கேட்டார்.

பையன் மேல் தப்பில்லை. அளவு பார்க்கும் நாடா நமக்கு டேப். ஒரு காலத்தில் பாட்டுக் கேட்ட ஒலிநாடாவும் டேப். தண்ணீர்க் குழாயைக்கூட டேப் என்கிறோம். ஆங்கிலத்தில் தனித்தனி ஒலியோடு இருக்கும் சொற்கள் நம் வாய்க்குள் வந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த வரிசையில் நான்காவதாக வந்து உட்கார்ந்ததுதான் டேப்லெட் என்பதன் சுருக்கமான டேப்.

குழப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு செயலியின் தமிழ்ப் பதிப்பில் "உங்கள் மாத்திரையை மறுதொடக்கம் செய்யவும்" என்று வந்தது. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும் போடவில்லை. யாரோ எந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்து, திரும்பிப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் மாத்திரைக்கும் கணினிக்கும் ஆங்கிலத்தில் ஏன் ஒரே சொல் என்று அப்போதுதான் யோசித்தேன்.

வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'தாபுலா' என்றால் பலகை. மரப்பலகை, எழுதும் பலகை, கணக்குப் பலகை எல்லாம் அதுவே. மேசையைக் குறிக்கும் 'டேபிள்' அதன் பிள்ளை. பழைய பிரெஞ்சு மொழி அந்தச் சொல்லோடு சிறுமை காட்டும் ஒரு விகுதியைச் சேர்த்தது. அப்படிப் பிறந்ததுதான் டேப்லெட். ஆகவே நேர்ப்பொருள் 'சின்னப் பலகை'. அவ்வளவுதான்.

ரோமாபுரியில் பள்ளிப் பிள்ளையும் வியாபாரியும் கையில் வைத்திருந்த சின்னப் பலகையில், விளிம்பை விட்டுவிட்டு நடுவே குழித்து மெழுகு ஊற்றியிருப்பார்கள். எழுதும் கோலின் ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. கூர்முனையால் மெழுகில் கீறுவது. வேலை முடிந்ததும் தட்டை முனையால் மெழுகை நிரவுவது. 'தாபுலா ராசா' என்று தத்துவக்காரர்கள் சொல்வது இப்படிச் சுரண்டித் துடைத்த பலகையைத்தான். அந்தக் கோலுக்கு 'ஸ்டிலுஸ்' என்று பெயர். இன்று தொடுதிரையில் எழுதும் குச்சியை ஸ்டைலஸ் என்கிறார்களே, அதே சொல். நம்மிடம் அதற்கு ஈடான சொல் எப்போதும் இருந்திருக்கிறது: எழுத்தாணி. புதிதாக ஒன்றை உருவாக்கக் குழு போடத் தேவையில்லை.

துடைத்த பலகை என்றதும் எனக்கு ரோம் நினைவுக்கு வரவில்லை, வேலியோரக் கோவைக்கொடிதான் வந்தது. சிலேட்டில் குச்சியால் எழுதி எழுதிச் சாம்பல் பூத்துவிட்டால் கோவையிலையைப் பறித்துக் கசக்கித் தேய்ப்போம். பச்சைச் சாறு காய்ந்ததும் சிலேட்டு கருகருவென்று ஆகிவிடும். எச்சில் தொட்டு அழித்தவனுக்கு வாத்தியாரிடம் அடி. கையிலெடுத்துப் போகலாம், எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம் என்பதுதான் டேப்லெட்டுக்கு இலக்கணம் என்றால், அதை நாம் ஒன்றாம் வகுப்பிலேயே பையில் போட்டுத் தூக்கியிருக்கிறோம்.

அப்புறம் மருந்து. பொடியை அழுத்தித் தட்டையாக்கினால் அதுவும் சின்னப் பலகை போலத்தானே இருக்கிறது, அதனால் ஆங்கிலத்தில் அதுவும் டேப்லெட் ஆனது. அங்கே பெயர் வந்தது வடிவத்தை வைத்து. நாமோ அளவை வைத்துப் பெயரிட்டிருக்கிறோம். மாத்திரை என்றால் அளவு. வடமொழியிலிருந்து வந்த சொல்தான், ஆனால் வந்து வெகுகாலம் ஆயிற்று. எழுத்து ஒலிக்கும் நேரத்துக்கு அளவு சொல்லும்போது தொல்காப்பியம் 'கண்ணிமை நொடி' என்கிறதே, அதுவும் மாத்திரைதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மருந்தில் அது ஒரு வேளைக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஈழத்தில் குளிசை என்பார்கள். அது உருவத்தை வைத்து வந்த பெயர். எப்படிப் பார்த்தாலும் பலகை என்ற எண்ணம் நம் மருந்துப் பெட்டிக்குள் நுழையவே இல்லை. கணினியை மாத்திரை என்பது அதனால்தான் நகைப்புக்கு இடமாகிறது.

இந்தச் சொல்லுக்குச் செய்தித்தாளோடும் ஓர் உறவு உண்டு. 1884இல் லண்டனில் பரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனம் தன் அழுத்திய மாத்திரைகளுக்கு 'டேப்லாய்டு' என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தது. பெயர் பிரபலமாகிப் போக, எதைச் சுருக்கி அழுத்திக் கொடுத்தாலும் டேப்லாய்டு என்று பேச ஆரம்பித்தார்கள். செய்தியைச் சுருக்கிச் சின்னத் தாளில் கொடுத்த பத்திரிகைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடையிலிருந்து பெட்டிக்கடைக்கு இறங்கிய சொல்.

கணினித் துறைக்குள் இந்தப் பெயர் முதலில் வந்தது கணினியின் பெயராக அல்ல. 1960களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், கோலால் எழுதினால் அந்தக் கோடு கணினிக்குப் போகும்படி ஒரு பலகையைச் செய்தது. அதுதான் ராண்ட் டேப்லெட். இன்றும் ஓவியர்கள் கணினியோடு இணைத்து வரையும் பலகைக்கு அதே பெயர். 1972இல் ஆலன் கே என்ற கணினி அறிஞர், பிள்ளைகள் கையில் வைத்துப் படிக்கவும் எழுதவும் ஏற்ற 'டைனாபுக்' என்ற ஒன்றைக் கட்டுரையாக எழுதிப் பார்த்தார். பொருளாக அது கைக்கு வரவில்லை. 2002இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பிசி பதிப்பை வெளியிட்டது. அதில் ஓடியவை பெரும்பாலும் திரையைத் திருப்பி மடக்கக்கூடிய மடிக்கணினிகள். எடையும் விலையும் கூடுதல்.

2005இல் நோக்கியா நிறுவனம் 770 என்ற சின்னத் தொடுதிரைச் சாதனத்தைக் கொண்டுவந்தபோது நிலைமை இதுதான். வெறுமனே டேப்லெட் என்று சொன்னால் ஒருவருக்கு மாத்திரை தோன்றும், இன்னொருவருக்கு அந்த மடக்குக் கணினி தோன்றும். அதனால் முன்னால் ஓர் அடைமொழி போட்டு 'இன்டர்நெட் டேப்லெட்' என்றார்கள். நான் பார்த்த சாதனங்களில் பெயருக்கு நேர்மையாக இருந்தவற்றுள் அது ஒன்று. சிம் கிடையாது, கைபேசி போல அதை வைத்துக் கூப்பிட முடியாது. வைஃபை கிடைத்தால் இணையம். இல்லாவிட்டால் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியை ப்ளூடூத்தால் பிடித்துக்கொண்டு இணையம். நீளம் 141 மில்லிமீட்டர், அகலம் 79, எடை உறையோடு 230 கிராம். 4.13 அங்குலத் திரையில் 800க்கு 480 புள்ளிகள், அந்தக் காலத்துக் கைபேசித் திரைகளைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயம். நினைவகம் 64 மெகாபைட். முகப்பை மூட உலோக உறை ஒன்று உண்டு, உருவினால் திரை விழிக்கும், மூடினால் உறங்கும். உடம்புக்குள்ளே செருகிய எழுத்தாணி. படுக்கைவாட்டில் பிடித்துப் படிக்க வேண்டிய அந்த உருவத்தைப் பார்த்தால், மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டிய ஓலைச்சுவடிதான் எனக்குத் தோன்றும்.

உள்ளே ஓடியது மேமோ, டெபியன் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை ஒட்டிக் கட்டிய இயங்குதளம். முகப்புத் திரையில் செய்தியோடைக்கு என்று ஒரு சின்னக் கட்டம். தளங்களுக்குப் போகாமலே புதுத் தலைப்புகள் அதில் வந்து விழும். செய்தியோடை, திரட்டி என்ற சொற்கள் தமிழ் வலைப்பதிவர்களிடையே புழங்கியதும் ஏறத்தாழ அதே சமயம்தான். வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தொடங்கியது 2004. மென்பொருளைப் பொதியாக, களஞ்சியம் என்ற பொது இடத்திலிருந்து இறக்கி நிறுவலாம். மின்னூல் படிக்க எஃப்பிரீடர், வழி பார்க்க மேமோ மேப்பர் என்று ஆர்வலர்கள் எழுதிச் சேர்த்தவை பல. கைபேசியில் இன்று நாம் சாதாரணமாகச் செய்யும் இந்த இறக்கு-நிறுவு வேலை, ஐபோன் வருமுன்பே அந்தச் சின்னப் பலகையில் நடந்துகொண்டிருந்தது.

770க்குப் பிறகு அதே வரிசையில் 2007 தொடக்கத்தில் என்800, அதே ஆண்டு இறுதியில் கீழிருந்து விசைப்பலகை நழுவி வெளியே வரும் என்810, 2009இல் கைபேசியும் சேர்ந்துகொண்ட என்900. இயங்குதளத்தின் பதிப்புகளுக்குக் காற்றுகளின் பெயர்: மிஸ்ட்ரால், சிரோக்கோ, போரா, சினூக், டையாப்லோ. (நாம் வைத்திருந்தால் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக்கும் நான்கு பதிப்பு வந்திருக்கும்.) டையாப்லோ வரைக்கும் ஒரு சங்கடம் இருந்தது. இயங்குதளத்தின் புதுப் பதிப்பு வேண்டுமென்றால் இயங்குதளத்தின் மொத்த நகலான முழுப் படிமத்தையும் கணினியிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றினால் நிறுவி வைத்த மென்பொருள் எல்லாம் போகும். கோவையிலை தேய்த்த சிலேட்டுப் போல ஆகிவிடும் பலகை, பிறகு ஒவ்வொன்றாக மறுபடி எழுத வேண்டும். தாபுலா ராசா என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2008இல் டையாப்லோவோடுதான், இருப்பதை அழிக்காமல் இணையத்திலிருந்தே புதுப்பிக்கும் வழி வந்தது.

2010இல் ஐபேட் வந்து, டேப்லெட் என்றால் இதுதான் என்று உலகம் முடிவு செய்துகொண்ட பிறகு 'இன்டர்நெட்' என்ற அடைமொழி உதிர்ந்துவிட்டது. இணையம் இல்லாத ஒன்றை யாரும் வாங்கப்போவதில்லை என்றான பின் அதற்கு என்ன வேலை?

சரி, தமிழில் என்ன சொல்வது? அதிகம் புழங்குவது கைக்கணினி, கையடக்கக் கணினி. மேசைக்கணினி, மடிக்கணினி, அடுத்தது கைக்கணினி என்று வைக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் வரிசை அழகாகத்தான் இருக்கிறது. என் தயக்கம் ஒன்றுதான்: கையில் அடங்குவது கைபேசியும்தான். பத்து அங்குலத் திரையைக் கையடக்கம் என்றால் எந்தக் கைக்கு அடக்கம்? போதாக்குறைக்கு, முகவரியும் நாட்குறிப்பும் வைத்துக்கொள்ள உதவிய பழைய பாம் பைலட் வகைக் கருவிகளுக்கும் அதே பெயர் பொருந்தும். வில்லை என்றும் சிலர் சொல்வதுண்டு. மாத்திரையிலிருந்து தப்பி, வாயில் போட்டுச் சப்பும் மருந்து வில்லையில் விழுந்த கதை அது. கண்ணாடி வில்லை வேறு குறுக்கே நிற்கிறது.

பலகைக்குத்தான் என் ஓட்டு. மூலச் சொல்லின் பொருளும் அதுவே, நம் வழக்கும் அதுவே. சிலேட்டைப் பலகை என்றே சொன்ன ஊர்கள் உண்டு. புலவருக்கு இடம் கொடுத்து நீளும் சங்கப்பலகையை மதுரைக் கதையில் கேட்டிருக்கிறோம். தமிழ் விவிலியத்தில் மோசே மலையிலிருந்து கொண்டுவந்தவை கற்பலகைகள். அதைவிட எனக்குப் பிடித்தது லூக்கா எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம். பேச்சிழந்த சகரியாவிடம், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். அவர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் பெயரை எழுதிக் காட்டுகிறார். அந்தப் பொருளுக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'எழுத்துப்பலகை' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் டேப்லெட் என்று போடும் பதிப்புகள் உண்டு. ஆக, இந்த மொழிபெயர்ப்பு வேலையை எப்போதோ ஒருவர் முடித்து வைத்துவிட்டார்.

எழுத்தில் பலகைக்கணினி என்று முழுதாக எழுதலாம். இடம் புரிந்துவிட்டால் பலகை போதும். நோக்கியாவின் அந்த வரிசையை மட்டும் குறிக்க இணையப் பலகை. ஓவியர் வைத்திருப்பது வரைபலகை. ஒரே ஒரு இடறல், விசைப்பலகை. 'பலகைக்கு ஒரு விசைப்பலகை வாங்கினேன்' என்று எழுதிப் பார்த்தால் நாக்கு தடுக்குகிறது. அந்த இடத்தில் நான் பலகைக்கணினி என்று முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அக்கா மகன் இப்போது 'என் பலகை எங்கே' என்றுதான் கேட்கிறான், கேலிக்காகத்தான். அன்றைக்கு வந்த ஆசாரி இப்போது இருந்திருந்தால் தேக்கா, மலைவேம்பா என்று கேட்டிருப்பார்.